ஸ்கேன் நாள் பசி

ஸ்கேன் எடுக்கும் நாளன்று மட்டும் ஏசுவடியானுக்குப் பசி தாங்காது. மற்ற நாள்களில் பத்து மணி வரைக்கும் வெறும் டீயோடு ஓட்டுகிற மனிதர். முதல் தடவை ஏழு மணிக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லியை முடித்துவிட்டுத்தான் எங்கள் குடிநோய் சிகிச்சை மையத்துக்குள் நுழைந்தார். ஈரல் ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும். "அடடா, மறந்துட்டேனே சார்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அடி ஒன்றும் பலமாக விழவில்லை.

ஸ்கேன் மெஷின் எங்கள் மையத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். இரண்டாம் தடவை ஆண்டாள் கோவில் பொங்கல் அவரைக் காப்பாற்றியது. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி கொடுத்ததாம். "வேண்டாம்னா அவிய மனசு வருத்தப்படும்லா?" ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவருக்கு அன்று பொங்கிய மத நல்லிணக்கத்தை என்னவென்று சொல்ல!

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவர் செக்கர். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜைமீது துணி ஓடும். ஓர் இழை விட்டிருந்தாலும் பிடித்துவிடுவார். "ஏட்டி மாரிக்கனி, இத புண்ணுல வச்சுக் கட்டுவாவ. திருப்பி அனுப்பு" என்று கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் சொல்லிப் பண்டலையே ஒதுக்கிவிடுவார். அவர் லீவு போடுகிற நாளுக்காக அங்கே பலர் காத்திருக்கிறார்கள்.

அதே கண்டிப்பு மையத்திலும் உண்டு, அடுத்தவர்களுக்கு. மூன்றாம் தடவை, புதிதாகச் சேர்ந்திருந்த லாரி டிரைவர் எட்வின் வரிசையில் உட்கார்ந்து ஒரு பன்னைப் பிரித்தார். "ஏலே, பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு சொன்னாவல்லா?" என்று பாய்ந்து பிடுங்கினார் ஏசுவடியான். பிடுங்கியதை வீணாக்கலாமா? தானே தின்றுவிட்டார். எட்வின் ஸ்கேனுக்குப் போனார். இவர் வீட்டுக்குப் போனார்.

குடியை விட்டுப் பதினோரு மாதமாகிறது. போன வாரம் என்னிடம் கவுன்சலிங்குக்கு வந்தவர், நான் கேட்காமலே சொன்னார்: "குடிச்ச வரைக்கும் பயமில்ல சார். இப்ப ஈரல் போச்சுன்னு சொல்லிட்டா, பொறவு எதுக்கு விட்டேன்னு தோணும். தோணிட்டா நேரா கடைக்குத்தான் போவேன். எனக்கு என்னையத் தெரியும்."

அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. அவரோடு சேர்ந்து நானும் பயந்தேன்.

நேற்று நாலாம் தடவை. கையில் பன்னோடுதான் வந்தார். மறுபரிசோதனைக்கு வந்திருந்த எட்வின் நகர்ந்து இடம் கொடுத்தார். எட்வினுக்கு ஈரல் இறுகியிருப்பது போன ஸ்கேனில் தெரிந்துவிட்டது.

"எம்புட்டு இறுகிருக்காம்ல?" என்று கேட்டார் ஏசுவடியான்.

"நெறையத்தான் அண்ணாச்சி. மாத்திர தந்திருக்காவ. இனிமே குடிக்காம இருந்தா, இதுக்கு மேல போகாம பாத்துக்கிடலாம்னாவ. ஒரு வாரம் அழுதேன். கடைப்பக்கம் போகல."

ஏசுவடியான் பன்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, துணியைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து நர்ஸ் பாண்டிசெல்வி அவர் பெயரைக் கூப்பிட்டார்.

எழுந்து, வரிசை ஓரம் நின்ற என்னிடம் வந்தார். பன்னை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு உள்ளே போனார்.