ஓடாத பேருந்தில் ஒரு மழைப் பயணம்

காலை 7.40க்கு அல்சூரில் மெட்ரோ ஏறி, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினேன். அங்கிருந்து பழைய மெட்ராஸ் சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

“பஸ்ஸுக்கு பாடி கட்டற ஷாப்புக்கா மேடம்? பஸ் வாங்கப் போறீங்களா?” என்றார் ஓட்டுநர்.

“பார்க்கத்தான்.”

“பார்க்கறதுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போனா ஆயிரம் நிக்குதே!”

மணி 8.30. தொழிற்சாலையின் முற்றத்தில் இரண்டு சேசிஸ்கள் நின்றன. சக்கரம், எஞ்சின், ஸ்டியரிங், ஓட்டுநர் அமர ஒரு பலகை, அவ்வளவே. கூரையையும் சுவரையும் சன்னலையும் இங்கேதான் பெறுகின்றன. இப்போதைய முதலாளி பிரகாஷின் தாத்தா, லாரி சேசிஸின்மேல் மரச்சட்டமும் அலுமினியத் தகடும் பொருத்தித் தொடங்கிய இடம் இது. கட்டி முடித்த வண்டியை மழையில் நிறுத்தி, உள்ளே அமர்ந்து ஒழுகலைத் தேடுவாராம் அவர். மழைக்காகக் காத்திருப்பது நின்றுவிட்டது. உள்ளே அமரும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

9.15க்கு நானும் அமர்ந்தேன். அது முப்பது பேர் படுத்துச் செல்லும் புதிய பேருந்து. அவரவர் வேலை செய்த பகுதிக்கு அருகே தொழிலாளர்கள் ஏறிப் படுத்துக்கொண்டனர். இறுதிச் சோதனை அதிகாரியான கனகவல்லி விசில் ஊதினார். மேலிருந்த குழாய்கள் திறந்தன.

வெளியே நல்ல வெயில். எங்கள் மேல் மட்டும் பெருமழை. கண்ணாடிகளில் நீர் வழிய வழிய, கொட்டகையின் தூண்கள் நெளிந்து பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றின. ஓர் அடிகூட அசையாத அந்த வண்டியில், பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரை நெருங்கிக்கொண்டிருப்பதாகவே நான் நம்பினேன்.

“அன்வர் பாய், உங்க ஜன்னல் அழுவுது!” என்று கூவினார் கனகவல்லி.

“அழுவல மேடம், வேர்க்குது!”

ஒழுகிய இடம் யாருடைய கைவேலையோ, அவர் அனைவருக்கும் தேநீர் வாங்க வேண்டும். வண்டி சிரிப்பில் குலுங்கியது.

நீர் நின்றதும் சிரிப்பும் நின்றது. வண்டியை வாங்குபவரின் மேலாளர் கேட்டுக்கொண்டபடி, முந்தைய நாள் பின்புறம் கூடுதலாக ஒரு படுக்கை பொருத்தப்பட்டிருந்தது. அவசரக் கதவின் பாதியை அது மறைத்தது. வண்டியை எடுத்துச் செல்ல வந்திருந்த அந்த மேலாளரிடம், சோதனைச் சான்றில் கையெழுத்திட மறுத்தார் கனகவல்லி.

“ஒரு பெட்டுக்குப் போய் இவ்ளோ யோசனையா?” என்ற மேலாளர், தாமே அதில் படுத்து, உடலை ஒடுக்கி, கதவைத் திறந்து கீழே குதித்தார். “பாருங்க, வந்துட்டேன்ல?”

“நீங்க முழிச்சிருந்தீங்க சார்” என்றார் கனகவல்லி.

முற்றத்தில் நின்ற இரண்டு சேசிஸ்களும் அதே மேலாளர் கொண்டுவந்தவை. இந்தத் தொழிலாளர்களின் அடுத்த இரண்டு மாத வேலை. பிரகாஷ் அவற்றை ஒருமுறை பார்த்தார். பிறகு அன்வரிடம் திரும்பி, “அந்த பெட்டைக் கழட்டிடுங்க பாய்” என்றார்.

“அப்போ அந்த ரெண்டையும் எடுத்துக்கறேன். நான் சொல்ற மாதிரி கட்டறவங்க ஓசூர்ல இருக்காங்க” என்று மேலாளர் தொலைபேசியை எடுத்தார்.

விடைபெறும்போது கனகவல்லியிடம், “நீங்கள் செய்தது சரிதான்” என்றேன்.

“சரிதான்க்கா. நாளைக்கு இவங்களுக்கு என்ன வேலை குடுக்கறதுன்னுதான் தெரியல. அந்த ரெண்டு பஸ்லயும் ஜனங்கதானே படுப்பாங்க?”

என் ஊரான திருவண்ணாமலைக்குப் பேருந்தில் எத்தனையோ முறை உறங்கியபடி சென்றிருக்கிறேன். கதவு எங்கே என்று ஒருமுறைகூடத் தேடியதில்லை. எனக்காக யாரோ தேடியிருப்பார்கள் என்ற நம்பிக்கையைத்தான் இத்தனை நாளும் உறக்கம் என்று அழைத்துவந்திருக்கிறேன் போலும்.

11.50. கிருஷ்ணராஜபுரம் தொங்கு பாலத்தருகே சிக்னலில் என் ஆட்டோ நின்றது. பக்கத்தில் வந்து நின்றது அந்தச் சேசிஸ்களில் ஒன்று. பலகையில் அமர்ந்திருந்த ஓட்டுநர் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தார்.

“பின்னால அவசரக் கதவை மறைக்காம கட்டச் சொல்லுங்கண்ணா” என்றேன்.

“நான் சேசிஸ் மட்டும் ஓட்றவன்மா. கட்டறப்போ அங்க இருக்க மாட்டேன்.”

பச்சை விழுந்தது. முப்பது பேர் உறங்கப்போகும் இடத்தில் அப்போது வெயிலைத் தவிர எதுவும் இல்லை. அதன் வழியே சாலையின் மறுபக்கம் முழுவதும் தெரிந்தது.