மூன்றாவது ஸலாம்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம், எனக்கு ஒரு கோபமும் இல்லை. பேய் என்றால் நடுச்சாமம் ஆக வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இது சரிப்படாது. நடந்தது பட்டப்பகலில். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிற்பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அன்ஸார் சேர் அப்போது டீவிக்கு மேலே தொங்கிய கடிகாரத்தைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ஸார் சேர் யட்டவத்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். வயது முப்பத்தாறு. ஐந்து வேளைத் தொழுகை, அயர்ன் பண்ணிய சட்டை, ஊருக்குள் நல்ல பேர். அந்த நல்ல பேருக்குக் கீழே ஒரு கேம் பெட்டி ஒளிந்திருந்தது. எங்கே? அலுமாரிக்கு மேலே, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில், ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள். கணக்கு விடைத்தாளை யார் விரும்பிப் போய்த் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

விளையாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே நீங்கள் தேடிப் போவீர்கள். ஆறு பாகம் வந்துவிட்டது. சத்தமில்லாமல் பதுங்கிப் போவதுதான் ஆட்டமே. காவல்காரர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் நழுவ வேண்டும். யாராவது உங்களைக் கண்டுவிட்டால் திரையின் மூலையில் ஒரு கண் திறக்கும். முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு.

அதை அன்ஸாருக்குப் பழக்கிவிட்டவன் பவாஸ். இரண்டு பேரும் ஒன்றாக ஏ.எல். படித்தவர்கள். மாத்தளையில் டியூஷனுக்கு என்று பஸ் ஏறி, பாதி நாள் கம்ப்யூட்டர் கடையில் கிடந்தவர்கள். முதல் பாகத்தை ஒரு உயிரையும் தொடாமல் கடைசி வரைக்கும் கொண்டுபோவான் பவாஸ். அதுதான் திறமை என்பான். பிந்திய பாகங்களில் கழுத்தறுப்பது கூடிப்போனது. அறுத்த உடலை இழுத்துப் போய் மறைத்தால் தனிப் புள்ளி. அன்ஸாருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆறாம் பாகம் வரைக்கும் வந்துவிட்டார். உடலை மறைத்து முடிக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். பிறகு டீவியை அணைத்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்யப் போவார். தண்ணீர் கையில் படும்போது தன்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

பிற்காலத்தில் பவாஸ் கடைத்தெருவில் நாலு கம்ப்யூட்டர் போட்டு ஒரு கேம் கடை நடத்தினான். போன வருடம் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. அன்ஸார் சேர் மைக்கைப் பிடித்தார். விளையாட்டு என்ற பேரில் நமது பிள்ளைகளுக்குக் கொலை பழக்குகிறார்கள், அந்த இடங்களை இழுத்து மூட வேண்டும் என்று முழங்கினார். மண்டபமே ஆமாம் ஆமாம் என்றது. பின்வரிசையில் பவாஸ் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் பாகத்தின் டிஸ்க்கை அன்ஸாருக்குக் கொடுத்ததே அவன்தான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சேருடைய மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும். அவன் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் கடை மூடியது. பவாஸ் கராம்பு பறிக்க மரமேறப் போனான். அதன் பிறகு அவனைத் தூரத்தில் கண்டாலே அன்ஸார் சேர் வேறு பாதையால் போய்விடுவார்.

அந்தச் சனிக்கிழமை மனைவி மஸீஹா மகள் அஸ்ராவைப் பல் காட்ட மாத்தளைக்குக் கூட்டிப் போயிருந்தார். காலையிலிருந்தே தூறல். வீட்டுக்குள் மழை இருட்டு. இரண்டு மணிக்கு அட்டைப்பெட்டி இறங்கியது. ஜன்னல் சீலைகளை இழுத்து மூடினார். கதவைத் தாழிட்டார். வயர் இல்லாத ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். வாசலில் ஆள் வந்தால் கேட்க வேண்டுமல்லவா?

இரண்டு நாற்பத்தொன்று.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

முன் கதவுக்கு வெளியே. பவாஸின் குரல். சந்தேகமே இல்லை.

அன்ஸார் ஆட்டத்தை நிறுத்தினார். அவர்களுடைய கேட் திறந்தால் கிறீச்சென்று அடுத்த வீட்டுக்கே கேட்கும். முற்றத்தில் சல்லிக்கல் கொட்டியிருக்கிறது. கேட்டும் சத்தம் போடவில்லை, கல்லும் சத்தம் போடவில்லை. குரல் மட்டும்தான் வந்தது.

அதைப் பற்றி அவர் அப்போது யோசிக்கவில்லை. கையில் கொன்ட்ரோலர், திரையில் பாதி இழுத்த பிணம். கதவைத் திறந்தால் பவாஸ் ஒன்றும் கேட்கமாட்டான். டீவியை ஒரு தரம் பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பார்வையை நினைக்கவே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஒரு வீட்டு வாசலில் மூன்று தரம் ஸலாம் சொல்லிப் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். அதுதான் ஒழுங்கு. பவாஸ் அந்த ஒழுங்கை மீறாதவன். இன்னும் இரண்டு, பிறகு போய்விடுவான் என்று அன்ஸார் சேர் கணக்குப் போட்டார். சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை என்று மகளுக்குப் படிப்பித்தவர், அந்தக் கடமையை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

மெதுவாக எழுந்தார். குனிந்தார். பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, சுவரோடு ஒட்டி, டீவி கண்ணில் படும்படி அலுமாரியின் ஓரத்தில் போய் மறைந்து நின்றார். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நேரத்திலும் உள்ளுக்குள் சின்னதாக ஒரு பெருமை எழுந்ததாம். இதை என்னிடம் சொன்னபோது முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

இரண்டு நாற்பத்தெட்டு.

"அஸ்ஸலாமு அலைக்கும்..."

இந்த முறை வீட்டுக்குப் பின்னால், குசினி அடுப்படிப் பக்கம்.

முன்னாலிருந்து பின்னால் வர அந்த வீட்டில் ஒரே ஒரு சந்துதான். அதில் கழுத்தளவுக்கு விறகு அடுக்கியிருந்தது. ஏறித்தான் வர வேண்டும். ஒரு கட்டைகூட அசையவில்லை.

குரலும் மாறியிருந்தது. மேடு ஏறி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது.

பாயில் பூனை படுத்திருந்தது. எலி அசைந்தாலே காதைத் திருப்புகிற பூனை. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை...

பிறகு வாசனை. பச்சைக் கராம்பு வாசனை, அப்போதுதான் பறித்தது. மூடிய அறைக்குள்ளே... அலுமாரிக்குப் பக்கத்திலே...

இரண்டு ஐம்பத்தைந்து.

கழுத்தில் கிடந்த ஹெட்போனுக்குள் 'கிர்ர்...' என்று ஒரு சத்தம்.

ஆட்டம் நின்றுதான் இருந்தது.

"அஸ்ஸலாமு..."

வலது காதுக்குக் கீழே. மூச்சுச் சூட்டோடு.

மிச்சம் வரவில்லை. பாதியிலேயே நின்றுவிட்டது.

திரையில் எதுவும் அசையவில்லை. மூலையில் மட்டும் அந்தக் கண் திறந்தது.

சிவப்பு.

பதில் அன்ஸாரின் தொண்டை வரைக்கும் வந்தது...

விழுங்கிவிட்டார்.

ஆறு நிமிடம் அப்படியே நின்றார். மூன்று ஒன்றுக்குக் கதவைத் திறந்தார். முற்றத்தில் ஆள் இல்லை. வாசற்படியில் ஈரக் கால் தடம்கூட இல்லை. 'அப்பாடா, போய்விட்டான்' என்றுதான் முதலில் தோன்றியது. மற்றதெல்லாம் மனப்பிரமை, ஹெட்போன் பழசு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, பாதியில் விட்ட பிணத்தை இழுத்து மறைத்துவிட்டு, அந்தக் கட்டத்தை முடித்தார். ஆமாம், முடித்தார். அவர் என்னிடம் சொன்னதிலேயே சொல்லக் கூசியது இந்த இடத்தைத்தான்.

மஃரிப் தொழுகை முடிந்து ஏழு பத்துக்குப் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் ஊரில் ஒரு மரணம் என்று ஜனாஸா அறிவித்தார்கள். பவாஸ்.

அன்ஸாருடைய வீட்டுக்கு மேலே சரிவில் மீராசாஹிபின் தோட்டம் இருக்கிறது. பறித்த கராம்பை எடுத்துப் போக மீராசாஹிப் ஐந்தரைக்கு வந்தபோது பவாஸ் மரத்தடியில் கிடந்தானாம். ஈரக் கிளை ஒடிந்திருந்தது. போன் எட்டாத தூரத்தில் சிதறிக் கிடந்தது. இடுப்பெலும்பும் தொடையும் நொறுங்கியிருந்ததால் விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண்கூட நகர்ந்திருக்க முடியாது என்றார் டொக்டர். விழுந்தவுடன் உயிர் போகவில்லை, உள்ளே இரத்தம் கசிந்து கசிந்து மூன்று மணிக்குக் கிட்டத்தான் போயிருக்கிறது, யாராவது கண்டு ஒரு த்ரீவீலில் ஏற்றியிருந்தால் ஆள் தப்பியிருப்பான் என்றும் சொன்னார். மறுநாள் மரண விசாரணை முடிந்து பவாஸின் மையித்தைக் கொண்டுவந்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் பவாஸின் தம்பி எழுந்து, என் நானா யாருடைய மனதையாவது நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று ஜமாஅத்திடம் கேட்டார். எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். அன்ஸார் சேருக்கு வாய் திறக்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது.

நாலு நாள் கழித்து மஸீஹா பவாஸின் மனைவி ஜஸ்லாவைப் பார்க்கப் போனார். கணவனை இழந்தவள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவில் ஜஸ்லா இருந்தாள், ஆண்கள் அங்கே போக முடியாது. திரும்பி வந்த மஸீஹா, அஸ்ரா தூங்கப் போன பிறகுதான் கணவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஜஸ்லா ஒரு விஷயம் கேக்கச் சொன்னா. அன்டைக்கி அவரு மரத்துல இருந்துக்கிட்டே அவளோட போன்ல பேசியிருக்காரு. அங்கயிருந்து நம்ம வீடு நல்லா தெரியுதாம். 'அன்ஸாரு சீலையெல்லாம் மூடிக்கிட்டு கேம் அடிக்கிறான், டீவி வெளிச்சம் சீலையில ஆடுது'ன்னு சொல்லிச் சிரிச்சாராம்."

அன்ஸார் தரையைப் பார்த்தார்.

"'அவனா வரமாட்டான், வெக்கப்படுவான். இறங்கினதும் நானே போயி ஸலாம் சொல்லிட்டு வாறேன்'னாராம். அதோட லைன் கட்டாயிட்டுது. மேல சிக்னல் இல்லையாக்கும்னு இவ விட்டுட்டா. போன்ல நேரம் காட்டினா. ரெண்டு பத்தொம்பது."

இரண்டு பத்தொன்பது. முதல் ஸலாம் கேட்டதற்கு இருபத்திரண்டு நிமிடம் முந்தி...

மஸீஹா கேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரிக்கு மேலே பார்க்கவும் இல்லை. ஜஸ்லா சொல்லிவிட்டதை மட்டும் கேட்டார்.

"அவரு வந்து சொன்னாரான்னு தெரிஞ்சா மனசு ஆறுமாம். வந்தாரா?"

"வரல்ல," என்றார் அன்ஸார் சேர்.

மஸீஹா மறுநாளே போய் ஜஸ்லாவிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தார்.