இருபதாம் பக்கத்து நீல மை

கடலூர் கோர்ட்டில் டவாலியாம் அவர். பிரசவம் பார்க்கப் போகிறவர் போல இரண்டு கையையும் கர்சீப்பில் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். முதல் பதிப்பு சேர்ப்பதில் என்னைப் போலவே பைத்தியம்.

சிதம்பரத்துப் பழைய புத்தகக் கடையில்தான் அவரைப் பார்த்தேன். கடலூர்க்காரர் ஒருவர் கைக்காசு போட்டு நடத்திய சின்னப் பதிப்பகத்தின் கவிதை நூல், இரண்டு பிரதி கிடந்தது. இரண்டிலும் ‘முதல் பதிப்பு’ என்றே போட்டிருந்தது. அவர் கை நீளுவதற்குள் சுத்தமான பிரதியைக் கோழி அமுக்குவது போல அமுக்கினேன். உள்ளே யாரோ பேனாவால் கிறுக்கியிருந்ததைப் பெருந்தன்மையோடு அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டும் அவர்தான்.

“மொதல்ல அடிச்சப்ப இருபதாம் பக்கத்துல ஒரு வரி தப்பாயிடுச்சி சார். பதிப்பாளரே உக்காந்து அத்தினி புக்குலயும் நீல மையால திருத்தினாரு. மறுபடி அடிக்கசொல்ல வரிய சரி பண்ணாங்க, ‘முதல் பதிப்பு’ன்றத மாத்தாம வுட்டுட்டாங்க.”

என் இருபதாம் பக்கத்தில் ஒரு பொட்டு மை இல்லை.

“வேணும்னா மாத்திக்கலாமா சார்?”

வயிறு எரிந்தது. “சேச்சே, கிறுக்கல் புக்கெல்லாம் எனக்கு ஆவாது” என்றேன்.

நிஜமாகவே கொடுத்திருப்பாரா, தெரியவில்லை. கொடுத்திருப்பார் என்று தோன்றும்போதுதான் எரிச்சல் ஜாஸ்தியாகிறது.