ஆள் குறைந்த கழகம்

என் அப்பாவுக்குக் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் உள்ளூர்க் கழகத்தின் ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளாமல் அவர் வேலைக்குப் புறப்பட்டதில்லை. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் பிளாட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் அந்தக் கழகத்தின் மைதானம் இருந்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் தெருவை நிறைத்துக்கொண்டு வரும் நேரமும், ஹோட்டல் குசினியில் சமையல் ஷிப்ட் முடிந்து அப்பா வீடு திரும்பும் நேரமும் ஒன்றாகவே இருந்தன.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் நிறத்தில் ஒருவர் தெருவில் தனியே நடந்து போகும்போது வெறும் வசவோடு தப்பி வந்தால், அதை நல்ல நாள் என்று சொல்லிக்கொள்வோம். ஸ்கார்ஃப் போடத் தொடங்கிய பிறகு அப்பாவை ஒருவரும் சீண்டவில்லை. ஒருமுறை மலைபோன்ற மனிதர் ஒருவர் அவர் தோளில் கைபோட்டு, பஸ் தரிப்பு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டிவந்தாராம். அதோடு அப்பாவுக்கு அது ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது.

"ஆட்டம் விளங்கத் தேவையில்லை. ஆள் கூடின பக்கம் நிண்டாச் சரி" என்பார்.

இந்தக் கொள்கையால்தான் என் சின்னம்மாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மன்னாரிலிருந்து எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர். எங்கள் வீட்டில் எனக்கும் அவருக்கும் ஒரே கட்டில். பகலில் ஜன்னலோரத்து மெஷினில் யாரோ ஒருவரின் தொழிற்சாலைக்குச் சட்டைக் கொலர்கள் தைப்பார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், கூட்டிவருவதும், பின்னல் பின்னிவிடுவதும் அவர்தான். அப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவும் சின்னம்மாவும் அதுவரைக்கும்கூடப் போகவில்லை. ஆகவே ஒன்பது வயதிலேயே வீட்டில் படித்த ஆள் நான்தான். கவுன்சிலிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அதை உரத்து வாசித்து விளக்கம் சொல்வேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. இன்றைக்கு அது குறைந்துவிட்டதென்றும் சொல்லமாட்டேன்.

அம்மாவின் அண்ணனான மாமா மெல்பேர்னில் இருந்தார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்த நேரத்தில்தான் பேசுவோம். ஃபோன் வாசலை ஒட்டிய நடையில் இருந்தது. அவ்வளவு தூரத்துக்குக் குரல் போகவேண்டுமே என்று அப்பா கத்திப் பேசுவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மாமா சின்னம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னார். மன்னாரில் எங்கள் பக்கத்துப் பையன். அங்கே ட்ராம் ஓட்டுகிறார். குடி, சிகரெட் இல்லை. சொந்தக்காரர் அந்த நாட்டில் ஒருவரும் இல்லை.

"குறையெண்டு சொன்னா ஒண்டுதான் அத்தான்" என்று மாமா சிரித்தது நடையின் மறுகோடியில் நின்ற எனக்கும் கேட்டது. "ஆள் பிடிச்சிருக்கிற கழகம் சரியில்லை."

மெல்பேர்னிலும் கால்பந்து உண்டு. ஆனால் அது வேறு விளையாட்டு. பந்து முட்டை மாதிரி இருக்கும், மைதானமும் அப்படித்தான். கையாலும் அடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். மாமா அனுப்பிய வீடியோ கசெட் ஒன்றில் நாங்கள் அதைப் பார்த்திருந்தோம். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பந்தைப் பிடித்ததைக் கண்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அந்த நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கழகம் உண்டென்றும், புதிதாய் வந்தவனிடம் எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கழகம் என்றுதான் கேட்பார்கள் என்றும் மாமா சொல்வார். அவர் இருந்தது எல்லாவற்றிலும் பெரிய கழகத்தின் பக்கம். மாப்பிள்ளை இருந்தது எல்லாவற்றிலும் சின்னதின் பக்கம்.

அப்பா ஃபோனை வைத்துவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"குடும்பம், ஊர், நாடு எதையும் நாங்கள் தெரிஞ்செடுக்கிறேல்லை" என்றார். "விளையாட்டில நிக்கிற பக்கத்தையாவது தெரிஞ்செடுக்கலாம். அதிலயே ஆளில்லாத இடமாப் பாத்துப் போய் நிண்டவன், நாளைக்கு இவளை எங்க கொண்டுபோய் நிப்பாட்டுவான்?"

"அவள் என்ன, பந்தையே கட்டப்போறாள்?" என்றார் அம்மா.

"நீர் சும்மா இரும். ஊரில எங்களுக்குப் பக்கத்தில நிக்க ஆளில்லாமப் போய்த்தானே இஞ்ச வந்து கிடக்கிறம்."

சின்னம்மாவைக் கேட்டார்கள். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"உங்களுக்குச் சரியெண்டா எனக்கும் சரி அத்தான்" என்றார். முன்பு வந்து கைநழுவிப்போன சம்பந்தங்களுக்கும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சின்னம்மா போனால் பாதிக் கட்டில் வெறுமையாகிவிடும். அப்பா சரியான காரணத்தைத்தான் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை தந்தார்கள். எதையாவது எண்ணி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கட்டத் தாளில் தூண் தூணாக வரைந்துகொண்டு வரவேண்டும். மற்றப் பிள்ளைகள் தெருவில் போகும் கார்களின் நிறங்களையும், வகுப்பில் யாருக்கு எந்தச் சுவை கிறிஸ்ப்ஸ் பிடிக்கும் என்பதையும் எண்ணினார்கள். அதெல்லாம் எனக்கு அற்பமாகத் தெரிந்தது. மெல்பேர்ன் கழகங்களின் ஆதரவாளர்களை ஒப்பிடப் போகிறேன் என்று அறிவித்தேன். வகுப்பில் வேறு யாராலும் அதைச் செய்யமுடியாது என்பது ஒரு காரணம். அந்தச் சின்னத் தூணை அப்பா கண்ணால் பார்த்துவிட்டால் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்பது மற்றக் காரணம்.

அடுத்த ஞாயிறு மாமாவைக் கேட்டேன்.

"எங்கட கழகத்துக்கோ? அரைவாசி நகரம் எழுது" என்றார். நீலக் கழகத்துக்கு எத்தனை, சிவப்புக் கழகத்துக்கு எத்தனை என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். சின்னக் கழகத்துக்கு வந்ததும், "அவையளை ஒரு பஸ்ஸுக்குள்ள அடைக்கலாம்" என்று சிரித்துவிட்டு, ஏதோ சில ஆயிரம் என்றார்.

ஒரு கட்டத்துக்கு ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு வரைந்தேன். மாமாவின் தூண் தாளின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் தூண் அதன் காலடியில் கிடந்த செருப்பைப் போல இருந்தது.

ஆசிரியை அதை நன்றாகப் பார்த்தார். உனக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். மாமா என்றேன். மாமா எந்தக் கழகம் என்றார். மிகப் பெரிய தூணைக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஒரு பக்கத்து ஆளை மட்டும் கேட்டு எழுதினால் அது கணக்காகாது, மற்றப் பக்கத்து ஆள் ஒருவரையும் கேட்டுவிட்டு வா என்று திருப்பித் தந்தார்.

எனக்குத் தெரிந்த மற்றப் பக்கத்து ஆள் ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்து வேலை என்று சொன்னால் எங்கள் வீட்டில் மறுப்பு இருக்காது. அது பூசைக்கு அடுத்தபடி. சம்பந்தம் முடிவாகாத நேரத்தில் மாப்பிள்ளையோடு யாரும் பேசுவது வழக்கமில்லை என்று அப்பா இழுத்தார். "டீச்சர் கேட்டவா" என்றேன். அவரே மாமாவுக்கு ஃபோன் போட்டார். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருப்பதாக மாமா சொன்னார்.

அந்த ஞாயிறு நான் பென்சிலும் தாளுமாக நடையில் ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணப் பேச்சு நடக்கும்போது ஃபோன் பக்கமே வராத சின்னம்மா, அன்றைக்குச் சீப்போடு வந்து எனக்குப் பின்னால் அமர்ந்தார். பூசைக்குப் போகும்போது பின்னிய பின்னலைக் குலைத்துத் திரும்பப் பின்னத் தொடங்கினார். அவருடைய காது என் காதுக்கு மிகக் கிட்ட இருந்தது.

"வணக்கம் பிள்ளை. என்னவோ கணக்கெடுக்கிறீராம்" என்றது அடங்கின குரல் ஒன்று.

"உங்கட கழகத்துக்கு எத்தினை பேர்?" என்றேன், வணக்கம் சொல்லாமல்.

"நீர் ஆரை எண்ணுறீர்? மழையெண்டாலும் மைதானத்துக்கு வாறவையையோ, காசு கட்டி அங்கத்தவராச் சேந்தவையையோ, இல்லாட்டி கேட்டா ஓம் எண்டு மட்டும் சொல்லுறவையையோ?"

இது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மாமா எதைச் சொன்னார் என்று கேட்டேன்.

"உங்கட மாமா மூண்டாவது வகை. இவ்வளவு காலத்துக்கு ஒருநாள்தான் மைதானத்துக்கு வந்தவர். அண்டைக்கும் குளிருது எண்டு பாதியில போயிட்டார்."

பின்னணியில் மாமா ஏதோ முறையிடுவது கேட்டது.

"ஆனா எப்பிடி எண்ணினாலும் நாங்கள்தான் கடைசி" என்றார் அவர். "அதில பிழையில்லை. அப்பிடியே எழுதும்."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மைதானத்துக்கு வருகிறவர்களை மட்டும் கழகம் கழகமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அப்போது பின்னல் ஒருமுறை இழுபட்டது. "ஏன் வேற கழகத்துக்கு மாறேல்லை எண்டு கேள்" என்று சின்னம்மா என் காதுக்குள் சொன்னார்.

கேட்டேன்.

"நான் வந்த புதுசில இஞ்ச ஒருத்தரையும் தெரியாது" என்றார் அவர். "சனிக்கிழமையில அறைக்குள்ள இருக்க ஏலாம ட்ராமில ஏறிச் சும்மா போனன். சனம் இறங்கின இடத்தில நானும் இறங்கினன். உள்ளுக்குப் போனா, நீட்டுப் பலகை வாங்கில ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனிசி இருந்தா. என்னைப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்லை. பக்கத்தில இருந்த பையைத் தூக்கி மடியில வைச்சா. நான் அதில இருந்தன். அடுத்த கிழமை போனன், அண்டைக்கும் பையைத் தூக்கினவா. இப்ப நான் வரப் பிந்தினா, அந்த இடத்தில வேற ஆளை இருக்க விடமாட்டா. இனி நான் எங்க மாறுறது?"

சின்னம்மாவின் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது.

"இதையும் டீச்சரோ கேக்கச் சொன்னவா?" என்றார் அவர்.

"இல்லை. சின்னம்மா கேக்கச் சொன்னவா" என்றேன்.

தலையில் ஒரு குட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காசு போகிறது என்று எல்லோரும் அறிந்த அந்த ஃபோனில் யாரும் பேசவில்லை. குசினி வாசலில் நின்ற அப்பாகூடக் கத்தவில்லை.

"அப்ப சின்னம்மாவிட்டைச் சொல்லும்" என்றார் அவர், முன்னையிலும் மெதுவாக. "அந்த வாங்கில இன்னும் ஒராள் இருக்க இடமிருக்கெண்டு."

அதையும் தாளில் குறித்துக்கொண்டேன். காலி இடம் இருக்கிறதென்றால் ஆள் குறைவு என்பதற்கு இன்னொரு ஆதாரம்தானே.

புதுத் தாளில் திரும்பவும் வரைந்தேன். இம்முறை மாமாவின் தூண் கொஞ்சம் இறங்கியது. சின்னத் தூண் இன்னும் சின்னதாயிற்று. அன்று பின்னேரமே அதைக் கொண்டுபோய் அப்பாவின் முன் விரித்து, விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். அப்பா சின்னத் தூணைப் பார்த்துத் தலையாட்டினார்.

"பாத்தீரே பிள்ளை" என்றார் சின்னம்மாவிடம். "படிச்ச பிள்ளை கீறிக் காட்டியிருக்கு. சரியான ஆள் குறைவு."

மெஷின் நின்றது. சின்னம்மா எழுந்து வந்து, என் தோளுக்கு மேலால் குனிந்து தாளைப் பார்த்தார். அவருக்கு எழுத்துகள் ஓடாது. ஆனால் தூண் எல்லோருக்கும் விளங்கும்.

"எது அவரின்ர தூண்?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன்.

"ஓம் அத்தான், குறைவுதான்" என்றார். "நான் போனா ஒராள் கூடும்தானே."

அப்பா அவரைப் பார்த்தார். இந்தமுறை சின்னம்மா "உங்களுக்குச் சரியெண்டா" என்று தொடங்கவில்லை என்பது அப்பாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். வரைபடத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, கல்யாணக் காரியமாய் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குச் சுவாமியாரிடம் கதைக்கவேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு தெளிவாகக் கீறிக் காட்டியும் இவர்களுக்கு விளங்கவில்லையே என்று படிக்காத பெரியவர்கள்மேல் எனக்கு இரக்கம்தான் வந்தது.

விசா வந்து சின்னம்மா புறப்படும்போது அடுத்த வருடத்து வெயில் காலம் ஆகிவிட்டது. இங்கே வெயில் என்றால் அங்கே குளிர் என்று வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். விமான நிலையத்தில் அப்பா பையிலிருந்து தன் ஸ்கார்ஃபை எடுத்துச் சின்னம்மாவின் கழுத்தில் சுற்றிவிட்டார்.

"அங்க குளிராம்" என்றார்.

அங்கே கல்யாணம் முடிந்த சில வாரங்களில் ஒரு படம் வந்தது. மழை. பாதி காலியான மைதானத்துப் படிக்கட்டுகள். ஒரு நீளமான வாங்கில், மடியில் பையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி, அவருக்குப் பக்கத்தில் புதுச் சித்தப்பா, அவருக்குப் பக்கத்தில் சின்னம்மா. மூவரும் ஒரு பெரிய குடைக்குள் இருந்தார்கள். சுற்றியிருந்த எல்லோரும் அந்தக் கழகத்தின் நிறத்தில் இருக்க, சின்னம்மாவின் கழுத்தில் மட்டும் எங்கள் தெருவின் நிறம்.

அம்மா அந்தப் படத்தை டிவிக்கு மேல் வைத்தார். நான் இப்போது எனக்கு மட்டும் சொந்தமாகிவிட்ட கட்டிலின் அடியிலிருந்து என் வரைபடத்தை இழுத்தெடுத்தேன். ஒரு தகவல் மாறினால் வரைபடத்தையும் திருத்தவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எல்லாவற்றிலும் சின்னத் தூணின் தலையில் ஒரு முழுக் கட்டத்தைக் கூட்டி, வெளியே போகாமல் கவனமாக நிறம் தீட்டினேன்.

பிற்பாடு நான் பல்கலைக்கழகம் போய்ப் புள்ளியியலே படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டச் சட்டை போட்ட முதல் ஆள் நான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு உரிய இடத்தை ஒருத்திக்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.