முப்பத்தொன்பதாவது பார்

இது போன ஐப்பசியில், பட்டப்பகலில் நடந்தது. சந்தேகம் இருப்பவர்கள் வீராம்பட்டினத்துக்கு நேரில் போய்ச் சத்யப்பிரியாவையே கேளுங்கள். போன் போட்டால் எடுக்க மாட்டாள்.

அவள் கணவன் பாலகுரு மீன்பிடிக்கப் போகிறவன். கடலடியில் மீன் கூடும் பாறைகளைப் 'பார்' என்பார்கள். பெண்டாட்டி தாலியைக்கூட அடகு வைப்பார்கள், பார் இருக்கும் இடத்தை மட்டும் வெளியே விடமாட்டார்கள். எழுதி வைத்திருந்த நோட்டு நனைந்து போனதால், அவனுடைய முப்பத்தெட்டுப் பார்களின் ஜிபிஎஸ் எண்களையும் சத்யப்பிரியா லேப்டாப்பில் தனித்தனிக் குறிப்பாக அடித்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லிங்க். லிங்க்கின் கடைசியில் பார் எண்ணைப் போட்டால் அந்தக் குறிப்பு மட்டும் திறக்கும். இல்லாத எண்ணைப் போட்டால் வெறும் பக்கம் வரும். கடலிலிருந்து அவன் போனில் கேட்பான், இவள் பார்த்துச் சொல்வாள்.

அன்று மதியம் 2:17. பாலகுருவின் நம்பர்.

"முப்பத்தொம்பது சொல்லு, சத்யப்பிரியா."

அவன் எப்போதும் 'ப்ரியா' என்றுதான் கூப்பிடுவான்.

"முப்பத்தெட்டு தானேங்க இருக்கு?"

"வழி தெரியல... சொல்லு."

இன்ஜின் சத்தம் இல்லை. காற்று இல்லை. அலைகூட இல்லை. காலையிலிருந்தே வானம் வேறு கறுத்துக் கிடந்தது. ஆள் திசை தப்பிவிட்டானோ?

39 என்று அடித்துத் தட்டினாள்.

வெறும் பக்கம் வரவில்லை.

அதில் இரண்டு எண்கள்... அவள் அடிக்காத எண்கள்.

லைன் போய்விடுமே என்ற பயத்தில் மடமடவென்று படித்தாள்.

"பதினொண்ணு அம்பத்திமூணு... எழுபத்தொம்பது நாப்பத்தொம்போது..." புள்ளிக்கு அப்புறம் இருந்ததையும் விடாமல் சொன்னாள்.

"சரி. வரேன்."

லைன் கட்டானது.

அப்புறம்தான் அந்த எண்களை மேப்பில் போட்டாள். புள்ளி கடலில் விழவில்லை.

அவள் வீட்டின் மேல் விழுந்தது.

2:31.

டொக்... டொக்...

"ப்ரியா! கதவத் தொற!"

பாலகுருதான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"போன்ல ஏங்க அப்பிடிப் பேசுனீங்க?"

அவன் விழித்தான். "எந்தப் போனு? அது பத்து மணிக்கே கடல்ல வுழுந்துடுச்சி. அதான் பாதியில திரும்பிட்டேன்."

அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். 2:17, பாலகுரு, நாற்பத்தொரு வினாடி.

கேட்டது எதுவோ... வீட்டுக்கு வழியை அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.