பக்கத்து வீட்டுக்கு உறுத்தாத பேஸ்

சத்தமாகப் பாட்டுக் கேட்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு என்று நான் கண்டவனிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறேன். பதினெட்டு வருட இரைச்சலில் காது பாதி போய்விட்டது. மெல்லிய பாட்டு எனக்கு உறைக்காது. நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தால்தான் எனக்கு அது பாட்டு. அதனால் பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்றே இருக்கும் பன்னிரண்டு அங்குல சப்ஊஃபர் ஒன்றைப் பெரிய மரப்பெட்டியோடு வாங்கி முன்னறையில் வைத்தேன்.

முதல் நாள் போட்டதும் தெருவே மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. எங்கள் பக்கம் தும்மென்று ஒன்று கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று கேட்க மாட்டார்கள். மாடிக்கு ஓடி, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். பட்டாசுத் தொழிற்சாலையை நாங்கள் பயர் ஆபீஸ் என்போம். நாலு திசையிலும் பயர் ஆபீஸ், வீட்டுக்கு ஓர் ஆளாவது அதில் வேலை. புகை எங்கே எழும்புகிறது என்று பார்த்த பிறகுதான் அழுவதா, அடுப்படிக்குத் திரும்புவதா என்று தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா மாடிக்குக்கூட ஏறவில்லை. அவருடைய வீட்டுக்காரர் விஸ்வநத்தம் தாண்டி ஒரு பயர் ஆபீஸில் மருந்து கலக்குகிறவர். வெடிமருந்தை இங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். அக்கா செருப்புகூடப் போடாமல், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினார். யாரோ கூப்பிட்டு, அது பாட்டுப் பெட்டி என்று சொன்ன பிறகு திரும்பி வந்தார். நான் வாசலில் நின்று சிரித்தேன். மறுநாள் அச்சகத்தில் அவர் ஓடியதை ஓடிக் காட்டினேன், எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை வேண்டுமென்றே போட்டு, ஜன்னல் வழியாக அவர் வெளியே வருவதைப் பார்த்தேன். வேடிக்கையாகத்தான் இருந்தது. இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்காரரே வந்தார். சண்டைக்குத் தயாராக இருந்தேன். நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளியாக மினுங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பாட்டுப் போட வேணாம்னு சொல்ல வரலை தம்பி. எது உங்க சத்தம், எது எங்க சத்தம்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். எனக்கு ஒண்ணுன்னா அவ வந்துரணும், அம்புட்டுத்தான்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தைவிட, இதைச் செய்து காட்ட வேண்டும் என்ற ரோஷம் அதிகம். பெட்டியை மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். மூலையில் வைத்தால் வீடே குடம் மாதிரி முழங்கும். அக்கா வீட்டுச் சுவருக்கு எதிர்ச் சுவரோரம் மாற்றினேன். மிஷினில் தேய்ந்து கழற்றிப்போட்ட ரப்பர் விரிப்புகளை நாலாக மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்தேன், தரை அதிர்வது பாதியாகக் குறைந்தது. ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி, பெட்டிக்குள் இருக்கும் காயில் கம்பிச்சுருளைக் கருக்குவார்கள். சிவப்பு விளக்கு மின்னினால் பெட்டி தாங்கவில்லை என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். இதையெல்லாம் அச்சகத்தில் பாடமாகவே நடத்தினேன்.

அக்காவையும் பழக்கினேன். வீட்டுக்குள் கூப்பிட்டு, பெட்டிமேல் கையை வைக்கச் சொல்லிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் ஒரு மாதம் போடுவதற்கு முன்னால் அவருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். பிறகு அவரே அது வேண்டாம் என்றுவிட்டார், தன் காதுக்கே அடையாளம் தெரிகிறதாம். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் பதறி வெளியே வந்தபோது, தம்பி பெட்டிதான், போய் வேலையைப் பார் என்று அக்கா வாசலிலிருந்தே சொல்லி அனுப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சக ஆட்கள் வந்தார்கள். இதுக்கு மேல ஏறாதா என்று ஒருத்தன் கேட்டான். கெயினை முழுக்கத் திருகினேன். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கருகல் வாசம் வந்தது, பெட்டி செத்தது. பாடம் நடத்தியவனே கருக்கிவிட்டான் என்று தெரிந்தால் மானம் போகும். ஆகவே தெருவில் யாரிடமும் சொல்லாமல், திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் பெட்டியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, சிவகாசியில் ரிப்பேர் கடையில் கொடுத்தேன்.

வியாழக்கிழமை எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலை பதினொரு மணி இருக்கும், கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். தும்மென்று ஒரு சத்தம். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. தெருவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் அது என்ன என்று தெரியும். முகத்து நுரையோடு வாசலுக்கு வந்தேன். அக்கா என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் கரண்டி இருந்தது, முகத்தில் சிரிப்பு இருந்தது.

"தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் ஓவரா இருக்கு. அடுப்படியில தட்டெல்லாம் உருளுது. குறைச்சுக்கங்க."

சரிக்கா என்று தலையாட்டினேன்.

பயந்துதான் ஆட்டினேன். இத்தனை பயர் ஆபீஸ் இருக்கிறதே, வேறு எதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நாம் ஏன் சொல்ல வேண்டும், யாராவது வந்து சொல்லிக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். அவர் போன பிறகு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். விஸ்வநத்தத்துக்கு அந்தப்புறம் புகை நெட்டுக்குத்தாக நின்றது. கீழே அக்கா கொல்லைப்புறத்தில் புகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கி வந்து மீதிப் பாதி முகத்தைச் சவரம் செய்தேன்.

அரை மணி நேரம் கழித்து அக்காவுக்குப் போன் வந்தது. வீட்டுக்காரரைச் சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு உயிரோடுதான் கொண்டுவந்திருக்கிறார்கள். பேச்சு இருந்திருக்கிறது. அவள் வந்துட்டாளா, வந்துட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். அக்கா போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் மதுரைக்குக் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கள்ளிக்குடி தாண்டும்போது உயிர் போய்விட்டது.

துக்க வீட்டில் பேச்சு என் பக்கம் திரும்பியது. அந்தப் பாட்டுப் பெட்டிச் சத்தத்தில்தான் அவளுக்கு வெடித்தது தெரியாமல் போனது, இல்லாவிட்டால் புருஷன் முகத்தைப் பார்த்திருப்பாள் என்று என் காதுபடவே சொன்னார்கள். கடைக்குப் போனால் பேச்சை நிறுத்தினார்கள். செய்யாத தப்புக்குப் பழி சுமக்க என்னால் முடியவில்லை. ரிப்பேர் கடைச் சீட்டை எடுத்துக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: அந்த வாரம் முழுக்கப் பெட்டி கடையில் கிடந்தது, இதோ தேதி, அது என் சத்தமே இல்லை. அக்காவுக்காக இதைச் சொல்லவில்லை. என் பெயருக்காகச் சொன்னேன்.

அக்கா சீட்டை வாங்கினார். தேதியைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தேதியைப் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"அப்பப் பெட்டியே வீட்ல இல்ல. எதைக் குறைக்கிறேன்னு தம்பி தலையாட்டுனீக?"