பவித்ராவின் 'இஃப்' பாடமும் ஒற்றைக் கூப்பாடும்

மகள் "குட் ஈவினிங் ஸ்டூடன்ஸ்" என்றதும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன்.

வகுப்பில் இருந்தது நான் ஒருத்தன்தான். உட்கார்ந்திருந்தது பூண்டு மூட்டை மேல். மடித்துக் கட்டிய கைலியோடு "குட் ஈவினிங் டீச்சர்" என்று ராகம் வேறு போட்டேன் பாருங்க... எட்டாங் கிளாஸோடு நின்றவன், பயம் மட்டும் காலுக்குள் அப்படியே இருக்கிறது. பவித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மலைமேல் கிளாவரையில் எங்கள் வீடு. பரணில் காயும் பூண்டு வாசம், அடுப்புப் புகை, வாசல் வரை வந்து நிற்கும் மேகம்... அந்தச் சாயங்காலம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அவள் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் எடுப்பதைப் பார்த்து மார்க் போட காலேஜ் மேடம் வருகிறார்கள். இங்கிலீஷில் 'இஃப்' போட்டுப் பேசுகிற பாடம். சுவரில் சாய்த்த பழைய கதவுதான் போர்டு.

"புக்குல ஐஸச் சூடு பண்ணுனா உருகும்னு இருக்குப்பா. நம்ம பிள்ளைகளுக்கு நம்ம ஊர்ச் சோலியாச் சொல்லணும். எடுத்து விடுங்க பாப்போம்."

"மழ பேஞ்சா பஸ்சு வராது."

"ம்..."

"பூண்டு நனஞ்சா வெல போகாது."

"அழுகாச்சியாவே சொல்லாதீங்க. பிள்ளைக நிமிந்து உக்கார்ற மாதிரி ஒண்ணு!"

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "அம்மா சொல்லுமே... மேகத்துக்குள்ள இருந்து ஒத்தத் தடவ கூப்பிட்டா, ஏன்னு கேக்கக் கூடாதுன்னு."

எங்கள் பக்கத்துப் பேச்சுதான். மனுசனாக இருந்தால் மறுபடி கூப்பிடுவான். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். பதில் சொன்ன ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதைச் சொல்லிச் சொல்லி மகளை வளர்த்தவள் போய்ச் சேர்ந்து அப்போது வருஷம் திரும்பியிருந்தது.

பவித்ரா அதை இங்கிலீஷில் எழுதினாள். முன்பாதியை நான் சொல்ல வேண்டும், மீதியை அவள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இஃப் சம்படி கால்..."

"பவீ..."

வெளியே, தோட்டத்துப் பக்கம். நன்றாக இழுத்து, கடைசியில் லேசாகத் தூக்கி.

ஊருக்கெல்லாம் அவள் பவித்ரா. 'பவீ' என்று கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

சாக்பீஸ் நின்றது. மகளின் முகம் சின்னப் பிள்ளை முகமாகி, வாய் தானாகத் திறந்தது.

"ஏன்? என்ன வேணும்?" என்று நான் முந்திக்கொண்டு கத்தினேன். மூட்டை சரிந்து பூண்டெல்லாம் உருண்டது.

மறுபடி கூப்பிடவில்லை. மேகம் மட்டும் நிலைப்படி தாண்டி உள்ளே வந்தது. பால் பொங்குகிறதா என்று பார்க்க வருகிறவள் மாதிரி அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

"இப்பத்தானப்பா பாடம் நடத்துனேன்... நீங்க ஏன் பதில் சொன்னீங்க?"

"நான் என்னைக்கு ஒழுங்காப் பாடம் கேட்டேன்? எட்டாப்பையே ரெண்டு தடவ படிச்சவன். மேலத்தோட்டத்துப் பிள்ளைக வெளாடுதுக. நீ நடத்து தாயி."

மறுநாள் பாடம் ஜோராக நடந்தது. அந்த வாக்கியம் வந்ததும் பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

இப்போது அவள் பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையால் தொட்டால் படம் ஓடுகிற போர்டாம். இங்கே அந்தப் பழைய கதவில் அவள் எழுதியதை நான் இன்னும் துடைக்கவில்லை. மூட்டையில் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதுண்டு... திருத்தத்தான் ஆள் இல்லை. சாயங்காலமானால் போன் வரும்.

மேகம் இறங்குகிற நாளில் இன்னொன்றும் வரும். தோட்டத்துப் பக்கமிருந்து, "ஏங்க..." என்று. ஒரே ஒரு தடவை. 'பவீ' என்று அப்புறம் கூப்பிட்டதே இல்லை. அது வரைக்கும் நிம்மதி.

நேற்று போன் பேசும்போதே கேட்டது.

"என்னப்பா, பேச்சக் காணோம்?"

"டவர் இல்ல தாயி."

போனைக் காதில் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும் புள்ள, வந்துர்றேன்... நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.